கோட்டிங்குக்கு முன் டூல் விளிம்பைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பைடு டிரில், எண்ட் மில், இன்சர்ட் போன்றவற்றைச் சாணை பிடித்த பிறகு, கோட்டிங்குக்கு அனுப்பும் முன் வெட்டு விளிம்பைச் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு உருட்டிவிடுவார்கள், அதாவது கூரை மழுக்கி வளைவாக்குவார்கள். பட்டறையில் இதற்கு ஹோனிங் என்று பெயர். எட்ஜ் பிரிபரேஷன் என்றும் சொல்வதுண்டு. ரீகிரைண்டிங் (தேய்ந்த டூலை மறுபடி சாணை பிடிப்பது) செய்கிறவர்களும், டூல் வாங்கி மெஷினில் ஓட்டுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

டூல் என்றால் கூர்தானே வேண்டும்? பிடித்த கூரை நாமே ஏன் மழுக்க வேண்டும்?

வைரச் சக்கரத்திலிருந்து இறங்கிய டூல் வெறுங்கண்ணுக்கு நல்ல கூராகத்தான் தெரியும். மைக்ராஸ்கோப்பில் சில நூறு மடங்கு பெருக்கிப் பாருங்கள், கதை வேறு. விளிம்பு நெடுக மேடும் பள்ளமும், ஆங்காங்கே சின்னச் சின்ன உடைப்புகளும் இருக்கும். கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் பிடித்து வைத்திருக்கும் பொருள். நுண்துகள் கிரேடுகளில் ஒரு துகள் 0.5 முதல் 0.8 மைக்ரான்தான் இருக்கும். அதைத் தேய்க்கும் வைரத் துகளோ பல பத்து மைக்ரான் பருமன். அது விளிம்பைத் தாண்டி வெளியேறும்போது துகள்களைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அதனால் விளிம்பு நெடுக சில மைக்ரான் ஆழத்துக்குக் கரடு நிற்கிறது.

அந்தக் கரட்டின் உச்சிகளுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கப் பொருளே இல்லை. மெஷினில் ஏறிய சில நொடிகளில் அவை உடையும். தனியாகவும் உடைவதில்லை, மேலே பூசிய கோட்டிங்கையும் சேர்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் வெறும் கார்பைடு வெளியே தெரியும், தேய்மானம் அங்கிருந்துதான் பரவும். காசு கொடுத்துப் போட்ட கோட்டிங் சுற்றிலும் பளபளவென்று இருக்க, வெட்டுகிற இடத்தில் மட்டும் இல்லாமல் போகிறது.

விளிம்பு எப்படியும் மழுங்கத்தான் போகிறது. தானாக, இஷ்டத்துக்கு உடைந்து மழுங்கட்டும் என்று விடுவதா, நாம் சொன்ன அளவில் மழுக்குவதா என்பதுதான் விஷயம்.

மேலே கோட்டிங் வருகிறதே, அந்தக் கரடு அதிலேயே மூடிப்போகாதா?

போகாது. மேடு பள்ளமான சுவருக்கு வெள்ளையடித்தால் மேடும் பள்ளமும் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். பிவிடி (வெற்றிடச் சேம்பரில் ஆவியாக்கிப் படலம் போடும் முறை) கோட்டிங்கின் தடிமன் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான். அதே அளவுக் கரட்டை அது நிரப்பாது, அடியில் இருக்கும் உருவத்தையே மேலே திரும்பக் காட்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிவிடி கோட்டிங் உள்ளுக்குள் அழுத்தத்தோடு உருவாகிறது; அதாவது அது எப்போதும் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். தட்டையான பரப்பில் இதனால் நன்மைதான், விரிசல் எளிதில் பரவாது. ஆனால் கூரான விளிம்பில் இரண்டு முகங்களின் கோட்டிங்கும் ஒன்றையொன்று நெருக்கும்போது, விளிம்பின் மேல் இருக்கும் படலம் வெளிப்பக்கமாகத் தூக்கப்படுகிறது. இந்தத் தூக்கு விசை, தோராயமாக, கோட்டிங் தடிமனை விளிம்பு ரேடியஸால் (உருட்டிய வளைவின் ஆரத்தால்) வகுத்த அளவில் கூடும், குறையும். தடிமன் 3 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ரேடியஸ் 3 மைக்ரானிலிருந்து 15 ஆனால் தூக்கு விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தடிமனான கோட்டிங் கேட்டு வாங்கினவர்களுக்குச் சில சமயம் மெல்லிய கோட்டிங்கைவிடச் சீக்கிரம் உரிந்துபோவது இதனால்தான். தடிமனைக் கூட்டினார்கள், ரேடியஸைக் கூட்டவில்லை.

மூன்றாவது காரணம் கோட்டிங் சேம்பருக்குள் நடப்பது. டூலுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் அயனிகளை இழுக்கிறார்கள். கூரான இடத்தில் மின்புலம் குவியும். அங்கே அயனிகள் கூடுதலாக மோதும், விளிம்பு கூடுதலாகச் சூடாகும், படலத்தின் வளர்ச்சியும் மற்ற இடங்களைப் போல இருக்காது.

நோஸ் ரேடியஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. இன்சர்ட் பெட்டியில் 0.4, 0.8 என்று போட்டிருப்பது மூலையின் ரேடியஸ், மில்லிமீட்டரில். இங்கே பேசுவது ரேக் முகமும் ஃபிளாங்க் முகமும் சேரும் விளிம்பின் குறுக்குவெட்டு ரேடியஸ், மைக்ரானில். ரேக் முகம் என்பது சிப் (வெட்டுப்பட்ட சீவல்) ஏறி வழுக்கிப் போகும் பக்கம். ஃபிளாங்க் என்பது வெட்டப்படும் பொருளான ஜாபைப் பார்த்திருக்கும் பக்கம். இரண்டு ரேடியஸையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் எழுதினால் வேடிக்கையான டூல்தான் கைக்கு வரும்.

சரி, எத்தனை மைக்ரான் வைக்க வேண்டும்?

ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் வேலை சுலபம், ஆனால் அப்படி ஒன்று கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது சிப்பின் தடிமன். ஒரு பல் வெட்டும் சிப்பின் தடிமனைவிட விளிம்பு ரேடியஸ் நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டூல் வெட்டாது, தேய்க்கும். பொருளை முன்னால் தள்ளி அமுக்கும், சூடு ஏறும், பர் (ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறு) அதிகமாக வரும்.

இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

8.5 மில்லிமீட்டர் கார்பைடு டிரில், ஃபீடு (டூல் முன்னேறும் தூரம்) சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர், முனைக் கோணம் 140 டிகிரி. இரண்டு லிப் (வெட்டு விளிம்பு) இருப்பதால் ஒன்றுக்கு 0.1 வரும். அதை 70 டிகிரியின் சைனால் பெருக்கினால் சிப் தடிமன் சுமார் 94 மைக்ரான். இங்கே 30 முதல் 40 மைக்ரான் ரேடியஸை டிரில் தாராளமாகத் தாங்கும். எஃகுக்கான கார்பைடு டிரில்களில் 20 முதல் 40 வரை வைப்பதும் வழக்கம்தான்.

இப்போது 10 மில்லிமீட்டர் எண்ட் மில். ஃபீடு பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர், பக்கவாட்டில் எடுப்பது அரை மில்லிமீட்டர். பல்லுக்கு 50 மைக்ரான் ஃபீடு இருக்கிறதே, 20 மைக்ரான் ரேடியஸ் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பக்கவாட்டு வெட்டு குறைவாக இருப்பதால் சிப் மெலிந்துவிடும். கணக்குப் போட்டால் அதன் உச்சத் தடிமனே சுமார் 22 மைக்ரான், சராசரி அதில் பாதி. 20 மைக்ரான் ரேடியஸ் கொடுத்தால் அந்த டூல் பாதி நேரம் தேய்த்துக்கொண்டுதான் இருக்கும். இங்கே 6 முதல் 8 மைக்ரான்தான் சரி. டிரிலுக்கு நன்றாக வேலை செய்த அதே எண்ணை எண்ட் மில்லுக்கும் போட்டுவிட்டு, ஹோனிங் என்பதே ஏமாற்று என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பொருளுக்குப் பொருள் எப்படி மாறும்?

அலுமினியத்துக்குக் கூர்தான் வேண்டும். கரட்டை நீக்கும் அளவுக்கு 3 முதல் 5 மைக்ரான் போதும், அதற்கு மேல் போனால் பொருள் விளிம்பில் ஒட்ட ஆரம்பிக்கும். வார்ப்பிரும்பும் சாதாரண எஃகும் பெரிய ரேடியஸைப் பொறுத்துக்கொள்ளும். கடினப்படுத்திய எஃகில் விளிம்புக்குப் பலம் அவசியம், ஆனால் ஃபீடு குறைவாக இருப்பதால் ரேடியஸை ரொம்பக் கூட்டவும் முடியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் டைட்டானியமும்தான் தலைவலி. ஸ்டெயின்லெஸ் தேய்க்கப்பட்டால் மேல்தோல் இறுகிவிடும். அடுத்த பல் அந்த இறுகிய தோலைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது, பெரும்பாலான சூடு விளிம்பிலேயே தங்கும். இரண்டுக்கும் கூர் வேண்டும், ஆனால் சில்லு உடையாத கூர் வேண்டும். எண்ட் மில்லுக்கு 5 முதல் 10 மைக்ரானுக்குள் தொடங்கிப் பார்ப்பது நல்லது. இந்தப் பொருள்களில் ரேடியஸின் அளவைவிட அது விளிம்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே டூல் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. ஒரு பல்லில் 5, அடுத்த பல்லில் 12 என்று இருந்தால் சராசரியைச் சொல்லிப் பயனில்லை.

கே காரணி என்கிறார்களே, அது என்ன?

உருட்டிய விளிம்பு எப்போதும் அழகான வட்ட வில்லாக இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். கூர்மையாகவே விட்டிருந்தால் இரண்டு முகங்களும் எங்கே சந்தித்திருக்குமோ, அந்தக் கற்பனைப் புள்ளியிலிருந்து ரேக் முகத்தில் உருட்டல் தொடங்கும் தூரத்தையும், ஃபிளாங்கில் தொடங்கும் தூரத்தையும் அளக்கிறார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது கே காரணி. ஜெர்மனியின் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் பெரென்ட் டெங்கெனாவும் அவருடைய குழுவினரும் இந்த வகைப்படுத்தலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கே 1 என்றால் சமச்சீர். 1-க்கு மேல் என்றால் உருட்டல் ரேக் பக்கம் சாய்ந்திருக்கிறது. விளிம்புக்குப் பலம் கூடும், ஃபிளாங்க் பக்கம் தேய்ப்பு அதிகமாகாது. 1-க்குக் கீழே என்றால் ஃபிளாங்க் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜாபின் மேல் உரசும் பரப்பு கூடும், ஃபிளாங்க் தேய்மானம் வேகமாகும். ஆனால் அந்த உரசல் சேட்டரை (வெட்டும்போது வரும் அதிர்வை) அடக்குவதும் உண்டு என்பதால், வேண்டுமென்றே அப்படி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரீகிரைண்டிங் பட்டறை ஒன்று இதைப் புதிதாகத் தொடங்குகிறதென்றால் கே 1-ஐப் பிடிக்கப் பழகட்டும். அது கைக்கு வந்தபின் மற்றதைப் பார்க்கலாம்.

உருட்டுவதற்குப் பதில் சேம்ஃபர் வைத்தால் என்ன?

விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடும் சேம்ஃபரும் வைக்கலாம். இன்சர்ட் பெயரிடலுக்கான ஐஎஸ்ஓ 1832-ல் விளிம்பின் நிலையைக் குறிக்கத் தனி எழுத்தே இருக்கிறது. எஃப் என்றால் கூர், இ என்றால் உருட்டியது, டி என்றால் சேம்ஃபர், எஸ் என்றால் சேம்ஃபரும் வைத்து உருட்டியும் விட்டது. செராமிக், சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) போன்ற சட்டென்று உடையும் பொருள்களுக்குச் சேம்ஃபர் கிட்டத்தட்டக் கட்டாயம். கார்பைடு டிரில், எண்ட் மில்லுக்குப் பெரும்பாலும் உருட்டலே போதும்.

எந்த முறையில் செய்வது? சின்னப் பட்டறைக்கு எது கட்டுப்படியாகும்?

டிராக் ஃபினிஷிங்தான் முழுக் கார்பைடு டூல்களுக்குப் பரவலாகப் பயன்படுவது. டூல்களை ஹோல்டரில் பிடித்து, தானும் சுற்றி வட்டத்திலும் சுற்றும்படி, சிராய்ப்புத் துகள் நிரம்பிய தொட்டிக்குள் இழுக்கிறார்கள். மீடியாவாக வால்நட் ஓட்டுத் துகளோடு வைரமோ சிலிக்கான் கார்பைடோ கலந்த பேஸ்ட், அல்லது வேறு சிராய்ப்புத் துகள் கலவை இருக்கும். ஒரே நேரத்தில் பல டூல்களைச் செய்யலாம், ஃப்ளூட்டின் (சிப் வெளியேறும் பள்ளத்தின்) உட்புறமும் கொஞ்சம் பளபளப்பாகும், அதனால் சிப் வழுக்கி வெளியேறுவதும் சுலபமாகும். ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூலைகளில் துகள்கள் கடுமையாக மோதுவதால் அங்கே ரேடியஸ் கூடிவிடும், டிரிலின் மையத்தருகே குறையும். சுற்றும் திசையை மாற்றினால் கே காரணி மாறும்; பாதி நேரம் ஒரு பக்கம், பாதி நேரம் மறுபக்கம் என்று சுற்றவிட்டால் சமச்சீருக்கு நெருங்கலாம். மீடியா பழசாகப் பழசாக அதே நேரத்தில் வரும் ரேடியஸ் குறைந்துகொண்டே போகும். போன மாதம் வைத்த நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அளக்காமல் ஓட்டுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தப்பு.

பிரஷ் முறையில் நைலான் இழைகளுக்குள் சிலிக்கான் கார்பைடோ வைரமோ பதித்திருக்கும். இன்சர்ட்டுகளுக்கு இது மிகப் பொருத்தம், வேகமானதும்கூட. பிரஷ் எந்தக் கோணத்தில் தொடுகிறதோ அதைப் பொறுத்து ரேக் பக்கமோ ஃபிளாங்க் பக்கமோ சாய்த்துக்கொள்ளலாம். ஹெலிக்ஸ் (சுருள் வடிவம்) உள்ள எண்ட் மில்லுக்கு அதற்கேற்ற பாதையில் நகரும் மெஷின் தேவை.

வெட் பிளாஸ்டிங்கில் நுண்ணிய அலுமினா துகளைத் தண்ணீரோடு கலந்து காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். கோட்டிங் சென்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கும். விளிம்பை உருட்டுவதோடு, கிரைண்டிங்கில் பரப்பில் இழுபட்ட படலத்தையும் நீக்குவதால் கோட்டிங் நன்றாகப் பிடிக்கும். அழுத்தம் அதிகமானால் மென்மையான கோபால்ட்டை அரித்துவிட்டுக் கார்பைடு துகள்களை அந்தரத்தில் நிறுத்திவிடும், அதுதான் ஆபத்து. நாஸிலின் கோணமும் தூரமும் ஆபரேட்டர் கையில் விடப்பட்டிருந்தால் முடிவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

கையால் வைரக் கல் போட்டுத் தேய்ப்பது? ஒற்றை டூலுக்கு, அவசரத்துக்கு, பழகின கை என்றால் பரவாயில்லை. நூறு டிரில் ஒரே மாதிரி வேண்டுமென்றால் கையை நம்பக் கூடாது.

மெஷின் வாங்க முடியாத பட்டறை, கோட்டிங் சென்டரிடமே ஹோனிங்கையும் கொடுத்துவிடலாம். அதில் தப்பில்லை. ஆனால் வேண்டிய ரேடியஸை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் எல்லா டூலுக்கும் பொதுவாக வைத்திருக்கும் அளவில்தான் உங்களுடையதும் வரும்.

சிவிடி கோட்டிங்குக்கும் இதே அளவுகள்தானா?

இல்லை, அதற்குப் பெரிய ரேடியஸ் வேண்டும். பிவிடி சுமார் 400 முதல் 500 டிகிரியில் நடக்கும். வாயுக்களின் வேதிவினையால் படலம் போடும் சாதாரண சிவிடி 1000 டிகிரி வாக்கில். தடிமனும் அதிகம், 5 முதல் 20 மைக்ரான். ஆறும்போது கோட்டிங் கார்பைடைவிட அதிகமாகச் சுருங்குவதால் அதில் இழுவிசை தங்கி, மெல்லிய விரிசல்கள் விழும். அதோடு, அந்தச் சூட்டில் விளிம்பிலிருந்து கார்பன் வெளியேறினால் ஈட்டா என்ற, எளிதில் உடையும் ஒரு படிவம் கோட்டிங்குக்கு அடியில் உருவாகும். கூரான விளிம்பில் இரண்டு பக்கமிருந்தும் கார்பன் போவதால் பாதிப்பு அங்கேதான் அதிகம். அதனால்தான் டர்னிங் இன்சர்ட்டுகளில் 25 முதல் 70 மைக்ரான் வரை உருட்டியிருப்பதைப் பார்க்கலாம். பிவிடி வந்த பிறகுதான் கூரான விளிம்பிலும் நம்பிக்கையாகக் கோட்டிங் போட முடிந்தது.

எச்எஸ்எஸ் டூலுக்கு?

அங்கே பிரச்சினை கரடு இல்லை, பர். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) சாணை பிடிக்கும்போது உடையாது, மடங்கும். விளிம்பில் மெல்லிய இறகாக நிற்கும் அந்தப் பர்ரின் மேல் கோட்டிங் போட்டால், முதல் வெட்டிலேயே பர்ரும் கோட்டிங்கும் ஒன்றாகக் கழன்றுவிடும். டாப் (மரை வெட்டும் டூல்), ஹாப் (பல்சக்கரம் வெட்டும் டூல்) இரண்டிலும் பர்ரை முழுக்க எடுத்த பிறகே மற்றது. மேக்னெட்டிக் சக்கில் பிடித்த டூலென்றால் காந்தத்தையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் இரும்புத் தூள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேரும்.

கோட்டிங் போட்டபின் ஹோனிங் செய்யக் கூடாதா?

ரேடியஸ் உருவாக்கும் ஹோனிங்கைச் செய்தால் முதலில் போவது விளிம்பின் மேல் இருக்கும் கோட்டிங்தான். ஆனால் மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கும் ஆர்க் முறையில் போட்ட கோட்டிங்கில் உலோகத் துளிகள் சிதறி ஒட்டியிருக்கும். அவற்றை நீக்க மிக லேசாகப் பாலிஷ் செய்வது வேறு விஷயம், அது நல்லதும்கூட.

இன்னொன்று: கோட்டிங் போட்டபின் ரேடியஸ் ஏறக்குறைய அதன் தடிமன் அளவுக்குக் கூடும். 8 மைக்ரானுக்கு உருட்டி 3 மைக்ரான் கோட்டிங் போட்டால், கைக்கு வருவது 11 வாக்கில் இருக்கும்.

ரீகிரைண்ட் செய்யும் டூலில் எந்த வரிசையில் போக வேண்டும்?

பழைய கோட்டிங்கை ரசாயனத்தில் உரிப்பதாக இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். உரிக்கும் திரவம் கோபால்ட்டையும் கொஞ்சம் கரைக்கும், மேல்தோல் பலமிழக்கும். அப்புறம் கிரைண்டிங் செய்தால் அந்தத் தோல் போய்விடும். அடுத்து ஹோனிங், அடுத்து கழுவல், அடுத்து கோட்டிங். கிரைண்ட் செய்து, உருட்டி, கடைசியில் உரிக்கக் கொடுத்தால் உழைப்பு முழுவதும் வீண்.

டிரிலில் பெரும்பாலும் முனையை மட்டும்தான் சாணை பிடிக்கிறோம். உரிக்காமல் அனுப்பினால் ஃப்ளூட்டில் பழைய கோட்டிங்கின் மேல் புதுக் கோட்டிங் ஏறும். ஒன்றிரண்டு முறை தாங்கும். அதற்கு மேல் தடிமன் சேர்ந்து, மார்ஜின் (டிரிலின் வெளி ஓரப் பட்டை) அருகே உரிய ஆரம்பிக்கும்.

ஹோனிங் நன்றாகச் செய்தும் கோட்டிங் உரிகிறதே?

பேஸ்டைச் சந்தேகப்படுங்கள். டிராக் ஃபினிஷிங் பேஸ்டில் எண்ணெயும் மெழுகும் இருக்கும். கூலண்ட் துளைக்குள் புகுந்துவிட்டால் சாதாரணக் கழுவலில் வராது, சேம்பரில் சூடேறியதும் கசிந்து முனையைக் கெடுக்கும். காற்றடித்துத் துளையைச் சுத்தம் செய்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் காரத் திரவத்தில் கழுவி, அயனி நீக்கிய தண்ணீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். கழுவியபின் வெறுங்கையால் முனையைத் தொடாதீர்கள்.

பேக்கிங்கையும் பாருங்கள். அத்தனை பாடுபட்டு உருட்டிய எண்ட் மில்களை ஒன்றோடொன்று உரச ஒரே கவரில் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரேடியஸை எப்படி அளப்பது? நகத்தில் உரசிப் பார்த்தால் போதாதா?

நகத்தில் உரசினால் விளிம்பு கூராக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும், 8-க்கும் 15-க்கும் வித்தியாசம் தெரியாது. முறையாக அளக்க ஆப்டிகல் கருவிகள் உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த அலிகோனாவின் ஃபோகஸ் வேரியேஷன் முறை, கோடுகளை ஒளியாகப் பாய்ச்சி அளக்கும் மைக்ரோகேட் போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. விலை சின்னப் பட்டறைக்கு எட்டாது.

எட்டும் வழி, நல்ல ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்துப் பார்த்தால் கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, உருட்டிய விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு அறுபடாமல், ஒரே அகலத்தில் போகிறதா என்று பாருங்கள். எண் கிடைக்காது, சீராக இருக்கிறதா என்பது கிடைக்கும். ஒரு பேட்சுக்கு ஒரு டூலை மட்டும் வெளியே அளக்கக் கொடுத்து, அதை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடலாம். எந்த முறையானாலும் ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மூலையருகே, நடுவில், மையத்தருகே என்று மூன்று இடமாவது வேண்டும்.

வைத்த ரேடியஸ் சரியா என்று மெஷினில் எப்படித் தெரியும்?

டூல் முழுக்கத் தேயும் வரை காத்திருக்க வேண்டாம். சில ஜாப் ஓட்டியதும் கழற்றிப் பாருங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால், கோட்டிங் திட்டுத் திட்டாகப் போயிருந்தால், ரேடியஸ் போதவில்லை. அல்லது சீராக இல்லை. சில்லு இல்லை, ஆனால் ஸ்பிண்டில் லோடு கூடியிருக்கிறது, பர் பெருத்திருக்கிறது, விளிம்பில் பொருள் ஒட்டுகிறது என்றால் ரேடியஸ் அதிகம், அல்லது அந்த ரேடியஸுக்கு ஃபீடு போதவில்லை. பின்னதென்றால் டூலை மாற்றும் முன் ஃபீடைக் கூட்டிப் பார்க்கலாம். உருட்டிய விளிம்பின் லாபமே அந்தக் கூடுதல் ஃபீடைத் தாங்குவதில் இருக்கிறது. பழைய ஃபீடிலேயே ஓட்டினால் பாதி லாபம் கைக்கு வராது.

சோதிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோட்டிங்கையும் ரேடியஸையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆர்டர் பேப்பரில் என்ன எழுத வேண்டும்?

ரேடியஸின் அளவு, ஏற்ற இறக்கம், அது கோட்டிங்குக்கு முன்பா பின்பா, எந்த இடத்தில் அளக்கப்படும், கே காரணி எவ்வளவு. உதாரணமாக: "விளிம்பு ரேடியஸ் 8 மைக்ரான், கூடக் குறைய 2, கோட்டிங்குக்கு முன், மூலையிலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி, எல்லாப் பல்லிலும், கே 0.8 முதல் 1.2." வெறுமனே "லைட் ஹோனிங்" என்று எழுதினால், அனுப்புகிறவர் மனதில் ஒரு அளவு, செய்கிறவர் மனதில் வேறொரு அளவு.